அறுப்புக் கூலி போய் ரேஷன் அரிசி வந்த கதை

டவுனிலிருந்து எங்கள் பக்கம் வருகிறவர்கள் தவறாமல் சொல்கிற ஒரு பேச்சு உண்டு. "இலவச அரிசியைப் போட்டு ஊர் ஜனங்களைச் சோம்பேறி ஆக்கிட்டாங்க, அதான் வயலுக்கு ஆள் கிடைக்கல" என்பார்கள். நானும் விவசாயிதான். சொந்தமாக 3 மா, கோயில் குத்தகையாக 6 மா வைத்திருக்கிறேன். (டவுன்காரர்களுக்காக ஒரு கணக்கு: 3 மா ஒரு ஏக்கர், 20 மா ஒரு வேலி.) நடவுக்கு ஆள் கிடைக்காமல் நாற்று முற்றிப்போகிற கஷ்டம் எனக்கும் உண்டு. ஆனாலும் அந்தப் பேச்சை என்னால் ஒத்துக்கொள்ள முடிவதில்லை. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் எண்பது வருஷம் பின்னால் போக வேண்டும்.

என் தாத்தா பண்ணையாள். திருத்துறைப்பூண்டி தாலுகாவில் ஒரு மிராசுதாரர் பண்ணையில் பிறந்து, அங்கேயே வேலை செய்து, அங்கேயே கிழவனானவர். பண்ணையாள் என்றால் மாசச் சம்பளக்காரன் மாதிரி நினைத்துவிடாதீர்கள். குடும்பத்தோடு ஒரு பண்ணைக்குக் கட்டுப்பட்டவன். பொழுது விடியுமுன் ஏர் கட்டப் போக வேண்டும், இருட்டிய பிறகுதான் வீடு. குடிசை இருக்கிற மனை மிராசுதாரருடையது. கூலி காசாக வராது, நெல்லாக வரும். அதையும் காரியக்காரர் அளக்கிற மரக்காலில் அளந்து தருவார். அந்த மரக்கால் எந்த அளவு என்று கேட்கிற வாய் யாருக்கும் கிடையாது. பட்டக்கால் என்று கொஞ்சம் நிலம் விடுவார்கள், அதில் தனக்கென்று பயிர் வைத்துக்கொள்ளலாம். அறுப்பு முடிந்தால் களவடி என்று களத்தில் கொஞ்சம் நெல் கிடைக்கும். தீபாவளிக்கு ஒரு வேட்டி, ஒரு புடவை. கல்யாணம், சாவு என்றால் கடன். அந்தக் கடன்தான் கயிறு. அப்பன் வாங்கிய கடனுக்கு மகன் ஏர் பிடிப்பான்.

காவிரி பாய்கிற பூமி, 1934இல் மேட்டூர் அணையும் வந்துவிட்டது, தஞ்சாவூர் ஜில்லா நெற்களஞ்சியம் என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் நீங்களும் படித்திருப்பீர்கள். அந்தக் களஞ்சியத்தை நிரப்பியவர்கள் வீட்டில் குதிர் காலி. நடவு முடிந்தபின் அறுப்பு வரைக்கும் வேலை குறைவு. புரட்டாசியிலிருந்து மார்கழி வரை நாலு மாசம் வயிற்றுக்குச் சோதனையான காலம். நெல் கடன் வாங்கினால் தை மாசம் ஒன்றுக்கு ஒன்றரையாகத் திருப்பித் தர வேண்டும். என் அப்பாயி சொல்லுவார்: "நத்தையும் நண்டும் இல்லாட்டி உங்கப்பன் பொழச்சிருக்க மாட்டான்டா." வாய்க்கால் ஓரத்துக் கீரை, குளத்தில் கொட்டிக்கிழங்கு, அல்லிக்கிழங்கு, வரப்பில் எலி வளையைத் தோண்டினால் எலி சேர்த்து வைத்திருக்கிற நெல்லு. எலிக்கு இருந்த பத்தாயம்கூட எங்களுக்கு இல்லை.

சாப்பாட்டுக்காகக் கேள்வி கேட்டால் என்ன கிடைக்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சவுக்கடி, சாணிப்பால். சாணியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைப்பது ஒரு தண்டனை. இது கதையில்லை. என் தாத்தா காலத்தில் நடந்தது.

1943இல் தென்பரை கிராமத்தில் விவசாயிகள் சங்கம் தொடங்கியது. முன்னின்று நடத்தியவர் பி. சீனிவாச ராவ். கன்னடம் பேசுகிற பிராமணக் குடும்பத்தில் பிறந்து, எங்கள் சேரிகளில் வந்து தங்கி, எங்கள் குடிசையில் சாப்பிட்டவர். "அடிச்சா திருப்பி அடி" என்று அவர் சொன்னதாக எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். சங்கம் வந்த கொஞ்ச நாளிலேயே, இனி சவுக்கடியும் சாணிப்பாலும் கூடாது என்று ஒப்பந்தம் போட வைத்தார்கள். முத்திரை மரக்காலில்தான் கூலி அளக்க வேண்டும் என்பதும் முக்கியமான கோரிக்கை. டவுனில் கேட்டால் இது சின்ன விஷயமாகத் தெரியும். ஒரு மரக்காலுக்குக் கால் படி குறைத்து அளந்தால் வருஷத்துக்கு எத்தனை நாள் கஞ்சி போகும் என்று கணக்குப் போட்டால்தான் அதன் கனம் புரியும்.

1952 ஆகஸ்டில் ராஜாஜி அரசாங்கம் தஞ்சாவூர் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு மேல் நிலம் வைத்திருக்கிற மிராசுதாரர்களுக்கு இது பொருந்தும். குத்தகைதாரருக்கு விளைச்சலில் 40 சதவீதம், பண்ணையாளுக்கு இவ்வளவு கூலி, இஷ்டத்துக்கு வெளியேற்றக் கூடாது என்றெல்லாம் விதி. 1956இல் வந்த நியாயக் குத்தகைச் சட்டம் அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டது. நஞ்சையில் நிலக்காரருக்கு 40, உழுகிறவருக்கு 60.

நல்ல சட்டம்தான். ஆனால் சட்டத்துக்கு ஒரு பின்விளைவு இருந்தது. பண்ணையாள் என்று வைத்திருந்தால்தானே இத்தனை பொறுப்பு? ஆளைத் தினக்கூலியாக மாற்றிவிட்டால் போச்சு. பல பண்ணைகளில் அதுதான் நடந்தது. என் தாத்தாவுக்கும் பட்டக்கால் போனது, தீபாவளி வேட்டி போனது, அடிமைத்தனமும் கொஞ்சம் போனது. வேலை இருக்கிற நாளில் கூலி, இல்லாத நாளில் ஒன்றுமில்லை. கயிறு அறுந்தது, கூடவே கஞ்சிக் கலயமும் உடைந்தது. ஒருத்தரை விடுதலை செய்கிறபோது அவர் சாப்பாட்டுக்கு வழி செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் ஜில்லாவே சாட்சி.

அதே சமயத்தில் விளைச்சல் கூடியது. 1960இல் தீவிர விவசாய ஜில்லாத் திட்டத்துக்கு முதலில் எடுத்த ஜில்லாக்களில் தஞ்சாவூரும் ஒன்று. உரம், விதை, கடன் எல்லாம் வந்தன. ஆடுதுறை 27 வந்தது, ஐ.ஆர். 8 வந்தது. குறுவை பரப்பு கூடியது. மூட்டை கூடியபோது, வெட்டுகிறவனும் கட்டு சுமக்கிறவனும் "எங்களுக்கும் அரைப்படி கூட்டிக் கொடுங்க" என்று கேட்டார்கள். அதற்கு வந்த பதில்தான் கீழவெண்மணி. 1968 டிசம்பர் 25 ராத்திரி, ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெண்களும் பிள்ளைகளும்தான் பெரும்பாலும். எனக்கு அப்போது ஒரு வயசு. அந்த வாரம் முழுக்க எங்கள் தெருவில் ராத்திரி யாரும் குடிசைக்குள் படுக்கவில்லை, வயல் வரப்பில்தான் படுத்திருந்தோம் என்று அம்மா சொல்வார். கீழ்க்கோர்ட்டில் தண்டனை பெற்ற நிலக்காரர்கள் பிறகு ஐகோர்ட்டில் விடுதலையானார்கள்.

அதற்குப் பிறகு அரசாங்கம் கணபதியா பிள்ளை கமிஷன் போட்டது. 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. என்னைக் கேட்டால் அதைவிடப் பெரியது 1971இல் வந்த குடியிருப்புச் சட்டம். குடிசை யார் மனையில் இருந்ததோ அந்த மனை குடியிருப்பவருக்கே சொந்தம் என்று சொன்ன சட்டம் அது. அதுவரைக்கும் கூலி கூடக் கேட்டால் "நாளைக்கு வீட்டைப் பிரிச்சுக்கிட்டுப் போ" என்பதுதான் பதில். மனைப்பட்டா கைக்கு வந்த அன்றைக்குத்தான் என் அப்பா குடிசையைச் சுற்றி வேலி கட்டி, முருங்கையும் பூசணியும் வைத்தார். தன் மனையில் தான் வைத்த காய். வருஷம் பூராவும் ஒரு குழம்புக்கு வழி. நிலச் சீர்திருத்தம் என்றால் ஏக்கர் கணக்கில்தான் பேசுகிறார்கள். 5 செண்டு மனை ஒரு குடும்பத்தின் சாப்பாட்டில் என்ன செய்யும் என்று யாரும் எழுதுவதில்லை.

ஏக்கர் கணக்கும் சொல்லிவிடுகிறேன். 1961இல் உச்சவரம்புச் சட்டம், 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று. 1970இல் அதை 15 ஆகக் குறைத்தார்கள். பெண்டாட்டி பேரில், பிள்ளை பேரில், டிரஸ்டு பேரில் என்று எழுதி வைத்துத் தப்பித்த நிலம் ஏராளம். சட்டத்தின் வழியாக எங்கள் ஆட்களுக்கு வந்தது கொஞ்சம்தான். 1981இல் கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பண்ணையாரிடம் பேசி, விலை பேசி, வங்கிக் கடன் ஏற்பாடு செய்து, ஒரு குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் வீதம், அதுவும் பெண்கள் பெயரில் எழுதி வாங்கிக் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இப்படி நிலக்காரர்கள் ஆனார்கள். எங்கள் வீட்டு 3 மா அப்படி வந்ததில்லை. அப்பா இரண்டு மாட்டையும் அம்மா தோட்டையும் விற்று வாங்கியது. ஆனால் ஆம்பளை பேரில் எழுதியிருந்தால் சாராயக்கடைக்கோ வட்டிக்காரனுக்கோ போயிருக்கக்கூடிய நிலம், பெண்கள் பேரில் இருந்ததால் தங்கிய கதையை எங்கள் பக்கம் நிறையவே பார்த்திருக்கிறேன்.

இப்போது ரேஷனுக்கு வருவோம். ரேஷன் முதலில் யாருக்கு வந்தது தெரியுமா? உங்களுக்குத்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பட்டணத்து ஜனம் பட்டினி கிடக்கக் கூடாது என்று வந்த ஏற்பாடு அது. 1967இல் அண்ணா ஆட்சிக்கு வந்தபோது ரூபாய்க்கு ஒரு படி அரிசி முதலில் கிடைத்ததும் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும்தான். அதற்கான நெல்லை எங்கள் ஜில்லாவில் லெவி என்று வாங்கினார்கள். ஜில்லா எல்லையைத் தாண்டி நெல் கொண்டு போகப் பெர்மிட் வேண்டும். அப்போதெல்லாம் ரேஷன் அரிசி சாப்பிட்டுப் பட்டணத்துக்காரர்கள் சோம்பேறி ஆகிவிட்டார்கள் என்று யாரும் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது. மெல்ல மெல்லக் கிராமத்துக்கும் ரேஷன் கடை வந்தது. ஒரு கையால் கொள்முதல் நிலையத்தில் எங்கள் நெல்லை வாங்குகிறது, இன்னொரு கையால் அரிசியாகக் கொடுக்கிறது. 1997இல் மத்திய அரசு வறுமைக்கோட்டுக்குக் கீழே, மேலே என்று பிரித்தபோது, தமிழ்நாடு மட்டும் அந்தக் கோட்டைக் கிழிக்காமல் எல்லாருக்கும் என்றே வைத்துக்கொண்டது. அது பெரிய காரியம். கோடு கிழித்திருந்தால் யார் ஏழை என்று முடிவு செய்வது ஊர்ப் பெரிய மனுஷர்கள் கையில் போயிருக்கும். எங்கள் தெரு மறுபடியும் அவர்கள் வாசலில் நின்றிருக்கும். 2006இல் கிலோ 2 ரூபாய், 2008இல் 1 ரூபாய், 2011 ஜூனிலிருந்து இலவசம்.

பள்ளிக்கூடச் சாப்பாடும் இதில் சேர்த்தி. காமராஜர் தொடங்கிய மதிய உணவில் நான் கோதுமை உப்புமா சாப்பிட்டேன். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவு கொண்டுவந்தபோது நான் பெரிய வகுப்புக்குப் போய்விட்டேன், என் தங்கை சாப்பிட்டாள். அதே மையத்தில் எங்கள் தெருப் பொம்பளைக்கு ஆயா வேலையும் கிடைத்தது. அவர் ஆக்கிய சோற்றை என் பிள்ளைக்குப் போடாதே என்று சொன்ன வீடுகளும் உண்டு. அவர்கள் பேரப்பிள்ளைகள் இன்று அதே பந்தியில் உட்காருகிறார்கள்.

இனி சோம்பேறிக் கணக்கு. நான் பையனாக இருந்தபோது சம்பா அறுப்பு ஒன்றரை மாசம் ஓடும். அப்பாவும் அம்மாவும் சேர்ந்து அறுத்து, கட்டு கட்டி, களத்தில் அடித்து, நல்ல வருஷத்தில் 8 மூட்டை நெல் கூலியாகக் கொண்டுவருவார்கள். மூட்டை 60 கிலோ என்றால் 480 கிலோ நெல். அரைத்தால் சுமார் 320 கிலோ அரிசி. நாங்கள் அஞ்சு பேர், மாசம் 45 கிலோ ஆகும். ஆக ஏழு மாசச் சாப்பாடு அறுப்புக் கூலியில் வந்தது. மீதி மாசம்தான் திண்டாட்டம்.

பிறகு அறுவடை எந்திரம் வந்தது. நானும் அதைத்தான் கூப்பிடுகிறேன். மழை வருமுன் அறுத்தாக வேண்டும், வேறு வழியில்லை. மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்தால் ஒரு ஏக்கரை டீ குடித்து முடிப்பதற்குள் அறுத்துவிடுகிறது. ஆனால் அந்த எந்திரம் எங்கள் தெருவின் எத்தனை வீட்டுக் குதிரைக் காலியாக்கியது என்று யாரும் எண்ணவில்லை. கூலி நெல் என்ற பேச்சே இன்றைக்கு இல்லை. ரேஷனில் மாசம் 20 கிலோ என்றால் வருஷத்துக்கு 240 கிலோ. அறுப்பில் வந்த 320 கிலோவுக்குப் பதிலாக 240. இலவசம் என்கிறீர்களே, இழந்ததில் முக்கால் பங்கு திரும்பி வந்திருக்கிறது, அவ்வளவுதான். அதுவும் அஞ்சு பேர் வீட்டில் இரண்டு வாரம்கூடத் தாங்காது. மீதிக்கு உழைத்துத்தானே ஆக வேண்டும்?

அப்படியானால் வயலுக்கு ஏன் ஆள் வருவதில்லை? வேறு வேலை இருப்பதால். திருப்பூர் இருக்கிறது, சென்னையில் கட்டட வேலை இருக்கிறது, கேரளா இருக்கிறது. நூறு நாள் வேலை 2006இல் தொடங்கியபோது முதல் சுற்றிலேயே நாகப்பட்டினம் ஜில்லா இருந்தது. அதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. நாற்று நடுகிற பெண்ணுக்கு வயலில் பாதிக் கூலிதான் என்று பழகியிருந்த ஊரில், அது ஒரு அதிர்ச்சி. "இவ்வளவு குடுத்தா வாரோம்" என்று பெண்கள் கூலி பேச ஆரம்பித்தார்கள். வீட்டில் 20 கிலோ அரிசி இருக்கிறவள்தான் பேரம் பேச முடியும். அடுப்பில் வைக்க ஒன்றுமில்லாதவள் கொடுத்ததை வாங்கிக்கொள்வாள். எனக்கு நடவுச் செலவு கூடிவிட்டது, உண்மை. ஆனால் என் அப்பாயிக்கு இல்லாத அந்தத் தெம்பு இவர்களுக்கு இருக்கிறதே என்று நினைக்கிறபோது கூலியை எண்ணிக் கொடுக்க மனசு கசப்பதில்லை. என் செலவு கட்டுப்படியாக வேண்டுமென்றால் நெல்லுக்கு விலை கூட வேண்டும். அடுத்தவர் வயிறு காய்ந்து அது நடக்கக் கூடாது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. ரேஷன் அரிசி வயிற்றை நிரப்பும், உடம்பைத் தேற்றாது. முன்பு சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாலேயே, வயல் ஈரத்தில், நிற்கிற நெல்லுக்குள் உளுந்தும் பச்சைப்பயறும் தெளிப்போம். நெல் அறுத்தபின் பனியிலேயே வளர்ந்துவிடும், தண்ணீர் வேண்டாம். பயறு எடுக்கப் போகிற பெண்களுக்குக் கூலியே பயறுதான். பிள்ளைகளுக்கு வருஷம் பூராவும் சுண்டலும் உளுந்தங்கஞ்சியும் அதில்தான். இப்போது அறுவடை எந்திரம் ஏறினால் முளைத்த பயிர் நசுங்கிப்போகிறது. பலர் தெளிப்பதையே விட்டுவிட்டார்கள். ரேஷன் கடைத் துவரம்பருப்பு அந்த இடத்தை நிரப்பாது. என் 3 மாவில் மட்டும் இன்னும் கையால் அறுத்து உளுந்து தெளிக்கிறேன். நஷ்டக் கணக்குதான், ஆனால் எடுக்க வருகிற பெண்கள் அந்த வேலைக்கு மட்டும் கூப்பிடாமலே வந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று குத்தகை. 1969இல் குத்தகைப் பதிவுச் சட்டம் வந்தும், இன்றைக்கு டெல்டாவில் வாய்ப்பேச்சுக் குத்தகைதான் அதிகம். எழுதிக் கொடுத்தால் நிலம் போய்விடும் என்று நிலக்காரருக்குப் பயம். காகிதம் இல்லாதவருக்கு வங்கிக் கடன் இல்லை, பயிர்க் காப்பீடு இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துப்போட்டபோது, நிலத்தில் பாடுபட்டவர் ஒருவர், நிவாரணம் வாங்கியவர் இன்னொருவர் என்று எங்கள் ஊரிலேயே நடந்தது. நிலக்காரருக்கும் பயமில்லாமல், உழுகிறவருக்கும் ஒரு வருஷச் சீட்டாவது கிடைக்கிற மாதிரி ஒரு வழி செய்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

அடுத்த தடவை ஊருக்கு வரும்போது யாராவது இலவச அரிசிப் பேச்சை எடுத்தால், இந்த 320க்கு 240 கணக்கை மட்டும் சொல்லுங்கள். இந்த வருஷம் மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்வதற்குள் நாற்று விட வேண்டும், வேலை கிடக்கிறது. அடுத்த பதிவில் உளுந்து தெளிப்பைப் பற்றி விவரமாக எழுதுகிறேன்.